சாயங்காலமானால் கால் ஏன் வீங்குகிறது?

கும்மிடிப்பூண்டி ரயில்வே ஸ்டேஷனில் சாயங்கால வேளை. சிப்காட் தொழிற்பேட்டையில் பகல் ஷிப்ட் முடித்தவர்கள் மூர் மார்க்கெட் போகும் மின்சார ரயிலுக்காகக் காத்திருக்கிறார்கள். முகங்களை விட்டுவிட்டுக் கொஞ்சம் அவர்களின் கால்களைப் பாருங்கள். காலையில் தாராளமாக இருந்த செருப்பு வார் இப்போது சதையில் பதிந்திருக்கும். சாக்ஸ் போட்டவர் அதைக் கழற்றினால் எலாஸ்டிக் இருந்த இடத்தில் வட்டமாக ஒரு பள்ளம். கொலுசு போட்ட பெண்ணுக்குக் கணுக்காலில் கொலுசின் அச்சு அப்படியே இருக்கும். எட்டு மணி நேரம் மெஷின் முன்னால் நின்றுவிட்டு, ரயிலிலும் உட்கார இடம் கிடைக்காவிட்டால் சென்ட்ரல் வரை ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் மறுபடி நிற்க வேண்டியதுதான்.

இவர்களில் பலர் செய்கிற காரியம் ஒன்று உண்டு. போகிற வழியில் மருந்துக் கடையில் நின்று, "அண்ணே, காலு ரெண்டும் தண்ணி கோத்துக்கிச்சு. தண்ணி எறங்க ஒரு மாத்திரை குடுங்க" என்று கேட்பது. சிறுநீரை அதிகம் பிரியச் செய்யும் மாத்திரை கைக்கு வந்துவிடுகிறது. இன்னும் சிலர் மாத்திரைகூட வாங்குவதில்லை. 'உடம்பில்தான் ஏற்கெனவே தண்ணீர் சேர்ந்திருக்கிறதே' என்று குடிக்கும் தண்ணீரைப் பாதியாகக் குறைத்துவிடுகிறார்கள். இரும்பை உருக்கும் உலை பக்கத்தில் மே மாத வெயிலில் வேலை செய்கிற ஒருவர் இந்த இரண்டில் ஒன்றைச் செய்தாலும் ஆபத்து. இரண்டையும் சேர்த்துச் செய்தால் கேட்கவே வேண்டாம்!

ஏன் ஆபத்து என்று புரிய வேண்டுமானால், அந்தத் தண்ணீர் ரத்தக்குழாயை விட்டு எப்படி வெளியே வந்தது என்று தெரிய வேண்டும்.

மண்பானையும் மாங்காயும்

இதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக்குழாய் கிளை கிளையாகப் பிரிந்து, கடைசியில் தலைமுடியைவிட மெல்லிய குழாய்களாக ஆகிவிடுகிறது. இவற்றுக்குத் தந்துகிகள் என்று பெயர். ஒரு சிவப்பணு நெளிந்து நுழைகிற அளவுக்குத்தான் அகலம். சுவர் என்று சொல்வதுகூட அதிகம். ஒரே வரிசை செல்கள், நடுநடுவே நுண்ணிய இடைவெளிகள். ஆக்ஸிஜன், சர்க்கரை, உப்பு எல்லாம் திசுக்களுக்குப் போவது இங்கேதான்.

புது மண்பானையில் தண்ணீர் ஊற்றி வைத்தால் வெளிப்புறம் வியர்க்கிறது அல்லவா? தந்துகியும் அந்த மாதிரி கசியும் குழாய்தான். உள்ளே ரத்தத்தின் அழுத்தம் தண்ணீரை வெளியே தள்ளுகிறது. அப்படியானால் ரத்தத்தில் உள்ள தண்ணீர் முழுவதும் ஒரே நாளில் வெளியே போய்விட வேண்டுமே, ஏன் போகவில்லை?

ஊறுகாய்க்கு மாங்காயை நறுக்கி உப்பைத் தூவி வைக்கிறீர்கள். சற்று நேரத்தில் ஜாடியில் நீர் விட்டிருக்கிறது. யாரும் பிழியவில்லை, உப்பு இழுத்துக்கொண்டது. ரத்தத்திலும் தண்ணீரை இழுத்துப் பிடித்து வைக்கிற ஒரு பொருள் இருக்கிறது. ஆனால் அது உப்பு அல்ல. உப்புதான் தந்துகிச் சுவரைத் தாண்டிச் சுலபமாக வெளியே போய்விடுமே! புரதம்தான் அந்தப் பொருள். முக்கியமாக, கல்லீரல் தயாரிக்கும் ஆல்புமின். அது பெரிய மூலக்கூறு. சுவரின் இடைவெளியில் எளிதில் நுழையாது. உள்ளேயே தங்கி, தண்ணீரையும் 'போகாதே' என்று பிடித்து வைக்கிறது.

தள்ளும் கை ஒன்று, இழுக்கும் கை ஒன்று. இந்த இழுபறியை முதலில் தெளிவாகச் சொன்னவர் எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேய உடலியல் நிபுணர். வருஷம் 1896. (இவருடைய அப்பா பம்பாயில் சட்ட உத்தியோகம் பார்த்தவர் என்பது நமக்குச் சுவாரஸ்யமான தகவல். 'ஹார்மோன்' என்ற வார்த்தையை 1905-ல் உலகத்துக்கு அறிமுகப்படுத்தியவரும் இவர்தான்.) ஒரு நாயின் பின்னங்காலில் தோலுக்கடியில் உப்புக் கரைசலை ஏற்றிப் பார்த்தார், அது ரத்தத்துக்குள் உறிஞ்சப்பட்டுவிட்டது. புரதம் நிறைந்த சீரத்தை ஏற்றிப் பார்த்தபோது அப்படி உறிஞ்சப்படவில்லை. வெளியேயும் புரதம் இருந்தால் உள்ளே இருக்கும் புரதத்தின் இழுப்புக்கு வேலை இல்லை என்று அர்த்தம்.

இழுப்புக்கு அளவு உண்டா? உண்டு. சுமார் 25 மி.மீ. பாதரசம். பி.பி. பார்க்கிறபோது சொல்கிறார்களே, அதே அளவுகோல்தான். தள்ளும் அழுத்தத்தை அளந்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த யூஜின் லாண்டிஸ். 1930-ல் மனிதர்களின் நகக்கண் ஓரத்துத் தந்துகிக்குள்ளேயே மிக நுண்ணிய கண்ணாடிக் குழலைச் செலுத்தி அளந்தார். என்ன பொறுமை! கையை இதயத்தின் உயரத்தில் வைத்திருந்தபோது, தந்துகியின் ஆரம்ப முனையில் 32, மறு முனையில் 12 என்று கணக்கு வந்தது. 25-க்கு மேலே ஒரு முனை, கீழே ஒரு முனை.

இதை வைத்து, 'முன் முனையில் நீர் வெளியே போகிறது, பின் முனையில் திரும்ப உள்ளே வருகிறது' என்று பாடப் புத்தகங்களில் எழுதி வைத்தார்கள். உங்கள் வீட்டில் நர்ஸிங் படிக்கும் பெண் இருந்தால் இன்றும் அப்படித்தான் மனப்பாடம் செய்திருப்பாள். இந்தக் கணக்கு இப்போது திருத்தப்பட்டிருக்கிறது. தந்துகியின் உட்புறத்தில் சர்க்கரையும் புரதமும் கலந்த வழவழப்பான மெல்லிய பூச்சு ஒன்று இருக்கிறது. புரதத்தை உண்மையில் தடுத்து நிறுத்துவது அந்தப் பூச்சுதான். லெவிக், மிச்செல் என்ற இரண்டு பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் 2010-ல் எல்லா அளவுகளையும் திரும்பக் கூட்டிக் கழித்துப் பார்த்தார்கள். குடல், சிறுநீரகம் போன்ற சில இடங்கள் தவிர மற்ற இடங்களில் தந்துகி முழு நீளத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டுதான் இருக்கிறது. பின் முனையில் நிரந்தரமாகத் திரும்ப உறிஞ்சப்படுவதில்லை என்று சொன்னார்கள்.

கசிந்த நீரை யார் வீடு கொண்டு சேர்ப்பது? நிணநீர்க் குழாய்கள். மழைநீர் வடிகால் மாதிரி உடம்பெங்கும் ஓடும் இவை, தினம் லிட்டர் கணக்கில் நீரை அள்ளிக்கொண்டு போய்க் கழுத்தடியில் உள்ள சிரைகளில் திரும்பச் சேர்க்கின்றன. தெருவில் மழை பெய்வது பிரச்னை இல்லை. வடிகால் அள்ளுவதைவிட அதிகமாகப் பெய்தால்தான் தெருவில் தண்ணீர் நிற்கும். கால் வீக்கமும் அதே கணக்குதான்.

நின்றால் என்ன ஆகிறது?

இப்போது தொழிற்சாலைக்குள் போவோம். நீங்கள் ஆடாமல் அசையாமல் நிற்கிறீர்கள். இதயத்திலிருந்து கணுக்கால் வரை கிட்டத்தட்ட 4 அடி உயரத்துக்கு ரத்தம் ஒரு கம்பம் மாதிரி நிற்கிறது. மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியால் தரைத்தளத்துக் குழாயில் தண்ணீர் வேகமாக வருகிறதே, அந்தக் கதைதான். கணுக்கால் சிரையில் அழுத்தம் சுமார் 90 மி.மீ. ஆகிவிடுகிறது. எதிரே இழுத்துப் பிடிக்கும் புரதத்தின் பலம் அதே 25தான்! சண்டை எந்த விதத்தில் சமம்?

ஸ்கூல் மைதானத்தில் சுதந்திர தின அணிவகுப்பில் ஒரு பையன் தொப்பென்று மயங்கி விழுவான். 'காலையில் சாப்பிடாமல் வந்திருப்பான்' என்று டீச்சர் சொல்வார். சாப்பிட்டிருந்தாலும் விழக்கூடும். முற்றிலும் அசையாமல் நின்றால் கால் மணியிலிருந்து அரை மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டத்தின் அளவில் பத்திலிருந்து இருபது சதவீதம் வரை கால்களில் கசிந்து குறைந்துவிடலாம். மூளைக்குப் போக வேண்டிய ரத்தம் குறைகிறது, பையன் சரிகிறான்.

அப்படியென்றால் நாம் எல்லோருமே ஏன் யானைக் காலோடு அலையவில்லை? கெண்டைக்கால் சதை காப்பாற்றுகிறது. நீங்கள் ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் அந்தச் சதை சுருங்கி, ஆழத்தில் உள்ள சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. சிரைக்குள் இருக்கும் சின்னச் சின்ன வால்வுகள் அதைக் கீழே திரும்பி விழாமல் தடுக்கின்றன. நடக்க ஆரம்பித்த சில வினாடிகளிலேயே கணுக்கால் அழுத்தம் 90-லிருந்து 25, 30 வரை இறங்கிவிடும். கெண்டைக்காலை 'இரண்டாவது இதயம்' என்று டாக்டர்கள் சொல்வது சும்மா இல்லை. கூடவே, நிற்கும்போது பாதத்துக்குப் போகும் சிறு தமனிகள் தாமாகவே சற்று இறுக்கிக்கொண்டு வரத்தைக் குறைக்கின்றன. நிணநீர் வடிகாலும் வேகமெடுக்கிறது.

ஆகவே, கஷ்டம் நிற்பதில் மட்டும் இல்லை. நடக்காமல் நிற்பதில் இருக்கிறது. ஒரே இடத்தில் நின்று பெட்டியில் அடுக்குகிற பெண்ணுக்கு வீங்குகிற அளவுக்கு, ஷெட் முழுக்க நடந்து சரக்கு எடுத்து வைக்கிறவருக்கு வீங்குவதில்லை. காலைத் தொங்கவிட்டபடி நாள் பூராவும் தையல் மெஷின் முன் உட்கார்ந்திருந்தாலும் ஓரளவு இதே கதிதான். வருஷக்கணக்கில் இப்படியே போனால் வால்வுகள் தளர்ந்து நரம்பு சுருட்டிக்கொள்கிறது. பிறகு கணுக்கால் உள்பக்கம் தோல் கறுத்து, சின்னக் காயம்கூட ஆறாமல் புண்ணாக நிற்கும்.

இது சட்டத்துக்கும் தெரிந்த விஷயம். நின்று வேலை செய்யும் தொழிலாளிக்கு, வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கிறபோது உட்கார வசதி செய்ய வேண்டும் என்று 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-வது பிரிவு சொன்னது. 2020-ல் வந்த தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த ஏற்பாடு இருக்கிறது. ஜவுளிக்கடை, நகைக்கடைப் பெண்களுக்குத்தான் ரொம்ப நாள் எதுவும் இல்லாமல் இருந்தது. கேரளம் 2018-ல் அவர்களுக்காகச் சட்டம் திருத்தியது. தமிழகச் சட்டசபையில் 2021 செப்டம்பரில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் கொண்டுவந்த திருத்தம், கடைகளில் ஒவ்வொரு ஊழியருக்கும் உட்கார இருக்கை இருக்க வேண்டும் என்றது. திருவள்ளூர் கடைத்தெருவில் புடவை எடுக்கப் போகும்போது கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் கிடக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். கிடந்தால், அதில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

மாத்திரை என்ன செய்யும்?

நின்று நின்று வந்த வீக்கத்துக்குக் காரணம் கணுக்காலில் ஏறிய அழுத்தம். உடம்பில் மொத்தத் தண்ணீர் அதிகமானதால் வந்தது அல்ல. நீர் பிரியும் மாத்திரை என்ன செய்கிறது? சிறுநீரகத்தின் வழியாக உப்பையும் தண்ணீரையும் ரத்தத்திலிருந்து வெளியேற்றுகிறது. நாளைக்கு மறுபடி எட்டு மணி நேரம் நின்றால் கணுக்காலில் அதே 90 ஏறத்தான் போகிறது. நடுவில் பொட்டாசியம் குறைந்து சதை பிடித்துக்கொள்ளும். எழுந்தால் தலை சுற்றும். உலையருகே வியர்வையில் லிட்டர் கணக்கில் தண்ணீரை இழக்கிறவருக்கு மயக்கம், சிறுநீரகப் பாதிப்பு வரை போகலாம். தண்ணீர் குடிப்பதைக் குறைப்பதும் இப்படித்தான். தாகத்துக்குத் தண்ணீர் குடித்தால் கால் வீங்காது. இதயமோ சிறுநீரகமோ பழுதாகி, 'இவ்வளவுதான் குடிக்க வேண்டும்' என்று டாக்டர் அளவு சொல்லியிருப்பவர்கள் மட்டும் அந்த அளவை மீறக்கூடாது.

இன்னொரு கூட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரத்தக் கொதிப்புக்கு அம்லோடிபின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்! அவர்களில் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். மாத்திரை, தந்துகிக்கு முன்னால் இருக்கும் சிறு தமனியை விரித்துவிடுகிறது. வாசல் கதவு அகலத் திறந்ததும் தந்துகிக்குள் அழுத்தம் ஏறிக் கசிவு கூடுகிறது. இங்கேயும் நீர் பிரியும் மாத்திரைக்கு அவ்வளவாக வேலை இல்லை. டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், அல்லது வேறு மருந்து தருவார். தானாக நிறுத்திவிட்டு பி.பி.யை ஏற்றிக்கொள்வது புத்திசாலித்தனம் அல்ல.

உப்பு விஷயத்தில் மட்டும் பாட்டி சொன்னது சரி. அதிக உப்பு தின்றால் சிறுநீரகம் தண்ணீரைத் தேக்கி ரத்தத்தின் மொத்த அளவைக் கூட்டும். தள்ளும் அழுத்தம் எங்கும் உயரும். அப்பளம், ஊறுகாய், கருவாடு மூன்றையும் கொஞ்சம் தள்ளி வைக்கலாம்.

நின்றதால் வராத வீக்கங்கள்

இழுக்கும் கை தளர்ந்துபோனால் வேறு மாதிரி வீங்கும். சிறுநீரில் புரதம் ஒழுகிப்போகிற நோயில், காலையில் எழுந்ததும் கண் இமைகள் உப்பியிருக்கும். சிறுநீர் நுரைத்துக்கொண்டு போகும். கல்லீரல் கெட்டவருக்கு வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். புரதமே இல்லாத கஞ்சியை மட்டும் குடித்து வளரும் குழந்தைக்குக் கால் வீங்குவதைப் பார்த்து, 'குழந்தை சதை போட்டிருக்கிறது' என்று சந்தோஷப்பட்ட தாய்மார்களும் உண்டு. வடிகாலே அடைபட்டால் யானைக்கால். கொசு கொண்டுவரும் புழு நிணநீர்க் குழாய்களைப் பாழாக்குவதால் வருவது அது.

சுவரே ஓட்டையாகிப்போவதுதான் டெங்கு. 2017-ல் தமிழகத்தில் 23 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு உறுதி செய்யப்பட்ட சமயம், வீட்டுக்கு வீடு 'பிளேட்லெட் எவ்வளவு?' என்ற கேள்விதான். ஆனால் டாக்டரை அதிகம் கவலைப்பட வைப்பது கசிவு. வைரஸ் வெளியிடும் ஒரு புரதமும் அதை எதிர்த்து உடம்பு நடத்தும் சண்டையும் சேர்ந்து, தந்துகியின் உள்பூச்சையும் சுவரையும் சேதப்படுத்துகின்றன. தண்ணீரோடு ஆல்புமினும் வெளியேறி நுரையீரலைச் சுற்றியும் வயிற்றிலும் தேங்குகிறது. உள்ளே ரத்தம் கெட்டிப்படுகிறது. சிவப்பணுக்களின் விகிதத்தைக் காட்டும் ஹெமட்டோக்ரிட் பரிசோதனையை அடிக்கடி செய்வது இதைக் கண்டுபிடிக்கத்தான்.

இதில் தாய்மார்களை ஏமாற்றுவது நேரம். கசிவு பெரும்பாலும் காய்ச்சல் விடுகிற சமயத்தில், மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் தொடங்குகிறது. 'ஜுரம் விட்டுடுச்சு, நாளைக்கு ஸ்கூலுக்கு அனுப்பலாம்' என்று நினைக்கிற அதே நாள். அப்போது விடாத வயிற்றுவலி, தொடர்ந்து வாந்தி, ஈறில் ரத்தம், சில்லென்ற கை கால், வழக்கத்துக்கு மாறான சோர்வு அல்லது அமைதியின்மை எது தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. நிலவேம்புக் குடிநீர் கொடுப்பது உங்கள் இஷ்டம். இந்த இரண்டு நாள் கண்காணிப்புக்கு அது ஈடாகாது. சலைன் ஏற்றுவதிலும் அளவு உண்டு. ஒன்றிரண்டு நாளில் சுவர் சரியானதும் வெளியே தேங்கிய நீர் ரத்தத்துக்குள் திரும்புகிறது. அப்போதும் பாட்டில் பாட்டிலாக ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். 'இன்னொரு பாட்டில் போடுங்க டாக்டர்' என்று வற்புறுத்தாதீர்கள்.

வீக்கத்தைப் பார்க்கிற விதம்

கணுக்காலுக்கு மேலே, முன் எலும்பின் மீது கட்டை விரலால் பத்து வினாடி அழுத்துங்கள். எடுத்ததும் குழி நின்றால் நீர் வீக்கம். இரண்டு காலிலும் சமமாக, சாயங்காலம் வந்து, இரவு தூங்கி எழுந்ததும் வடிந்துவிட்டால் பெரும்பாலும் நின்றதால் வந்ததுதான். காலை உயர்த்தினால் தந்துகியில் அழுத்தம் இறங்குகிறது. கசிவு குறைய, வடிகால் மிச்சத்தை அள்ளிவிடுகிறது.

ஒரே கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம்; தேய்த்து நீவாமல் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். காலையிலும் வடியாத வீக்கம், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்காருவது என்றால் இதயத்தைப் பார்க்க வேண்டும். கர்ப்பிணிக்கு லேசான கால் வீக்கம் சகஜம்தான். முகமும் கையும் வீங்கி, தலைவலி, பார்வை மங்கல் என்று சேர்ந்துகொண்டால் அன்றைக்கே பி.பி.யும் சிறுநீரும் பார்த்தாக வேண்டும்.

நின்று வேலை செய்கிறவர்களுக்கு: அரை மணிக்கு ஒரு தடவை, நின்ற இடத்திலேயே குதிகாலை உயர்த்தி உயர்த்தி இருபது முறை இறக்குங்கள். மெஷினை விட்டு நகரக்கூட வேண்டாம். சூப்பர்வைசரிடம் அனுமதி கேட்க வேண்டியதும் இல்லை. வீட்டுக்குப் போனதும் கால் மணி நேரமாவது, கால் இதயத்தைவிட உயரமாக இருக்கும்படி தலையணை மேல் வைத்துப் படுங்கள். ஸ்டூல் மேல் காலை நீட்டி உட்கார்ந்தால் பாதிப் பலன்தான்.

கால்களை இறுக்கிப் பிடிக்கும் நீள சாக்ஸ் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. தந்துகிக்கு வெளியிலிருந்து எதிர் அழுத்தம் கொடுப்பதுதான் அதன் வேலை. இதைச் சாயங்காலம் வீங்கிய பிறகு மாட்டுவதில் அர்த்தம் இல்லை. காலையில் கட்டிலை விட்டு இறங்குமுன் மாட்டி, இரவு படுக்கும்போது கழற்ற வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களும், கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் வலிக்கிறவர்களும் முதலில் பாதத்தின் நாடித்துடிப்பை டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் வாங்க வேண்டும். தமனியில் அடைப்பு இருக்கிற காலை மேலும் இறுக்கினால் விரல்களுக்குப் போகிற ரத்தமும் நின்றுவிடும்.